மலைத்தேனும் மூன்றரை மாதப் பிள்ளையும்

கேள்வி: பிரசவத்துக்காகக் காரைக்குடிக்கு அருகில் உள்ள ஆத்தா வீட்டுக்கு வந்து இங்கேயே இருக்கிறேன். மகனுக்கு மூன்றரை மாதம் ஆகிறது. பிறந்த அன்று என் ஆயா (அம்மாவின் அம்மா) தேனைத் தொட்டுச் சேனை வைத்தார்கள், அதாவது முதல் துளியை ஊட்டினார்கள். சென்ற வாரம் அவனுக்குச் சளியும் இருமலும் வந்தபோது துளசிச் சாற்றில் தேன் குழைத்து மூன்று நாட்கள் நாக்கில் தடவினார்கள். உரைமருந்து கொடுப்பதும் தேனில் குழைத்துத்தான். கடையில் வாங்கிய தேன் அன்று. பிரான்மலைப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்து கொடுக்கும் மலைத்தேன். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பிள்ளைக்குக் கை கால் விழுந்துவிடும் என்று படித்துவிட்டுச் சென்னையிலிருக்கும் என் கணவர் பதறுகிறார். ஆயாவோ, “உன் ஆத்தாளையும் உன்னையும் இதைக் கொடுத்துத்தானே ஆளாக்கினேன்” என்கிறார்கள். யார் சொல்வது சரி? ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே, இப்போது என்ன செய்வது? காய்ச்சிக் கொடுத்தால் குற்றமில்லையா? நான் தேன் சாப்பிடலாமா? பிள்ளைக்கு எந்த வயதில் கொடுக்கலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதே சரி. ஆனால் அவர் பதறும் அளவுக்கு இப்போது எதுவும் நடந்துவிடவில்லை. ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தேனை எந்த வடிவிலும், எந்த அளவிலும், எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்கக் கூடாது என்பதில் குழந்தை மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை; உலக சுகாதார நிறுவனமும் அதையே சொல்கிறது. அதே சமயம், தேன் நாக்கில் பட்ட பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே இன்றோடு தேனை நிறுத்திவிட்டு, கடைசியாகக் கொடுத்த நாளைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து ஒரு மாதம் பிள்ளையைக் கவனமாகப் பாருங்கள். தேனால் இன்ஃபன்ட் போட்டுலிசம் (infant botulism) என்ற தொற்றுநோய் வருவதாக இருந்தால், பொதுவாக 3 நாட்களிலிருந்து 30 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். பிறந்த அன்று வைத்த சேனையைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது.

எதைக் கவனிப்பது என்பதைத்தான் முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோய் காய்ச்சலோடோ வாந்தியோடோ ஆர்ப்பாட்டமாக வருவதில்லை. பெரும்பாலும் மலச்சிக்கலில் தொடங்குகிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளை ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை மலம் கழிப்பது இயல்புதான் என்பதால், அதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். வழக்கமாகத் தினமும் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நிறுத்திவிட்டு, அதோடு பால் குடிக்கும் வேகமும் குறைந்தால் அப்போது விழித்துக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கும்போது உங்களுக்கே தெரியும்: இழுக்கும் வலு குறைந்திருக்கும், இரண்டு வாய் குடித்துவிட்டுச் சோர்ந்துவிடுவான், விழுங்க முடியாத பால் கடைவாயில் வழியும். அழுகை வீட்டின் இரண்டாங்கட்டு வரை கேட்டது போய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் முனகலாகும். இமைகள் பாதி மூடியபடி இருக்கும். முகத்தில் சிரிப்போ சிணுங்கலோ தோன்றாது. போன வாரம் நிமிர்த்திப் பிடித்த தலை, கையைப் பிடித்துத் தூக்கினால் பின்னால் சாய்ந்துவிடும். தசைத் தளர்ச்சி தலையிலிருந்து கீழ் நோக்கி, இரு பக்கமும் ஒரே சீராக இறங்குவது இந்த நோயின் தன்மை. மூச்சுத் தசைகளை அது எட்டினால்தான் உயிருக்கு ஆபத்து.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அது நம் வீடுகளுக்கே உரியது. பிள்ளைக்கு வெளிக்குப் போகவில்லை என்றால் நம் பெரியவர்கள் முதலில் எடுப்பது தேன் கலந்த உரைமருந்தையோ விளக்கெண்ணெயையோதான். நோயின் முதல் அறிகுறிக்கு நோய்க்குக் காரணமான பொருளையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டு, இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருப்பதில் பொன்னான நேரம் போய்விடுகிறது. அப்படிச் செய்யாதீர்கள். மேலே சொன்ன சோர்வில் எதுவொன்று தெரிந்தாலும், பொழுது விடியட்டும் என்று இராமல், 108-ஐ அழைத்தாவது குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மூச்சு திணறினால் அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் போய், அங்கிருந்து சிவகங்கைக்கோ மதுரைக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

போனதும் முதல் வார்த்தையாக, பிள்ளைக்குத் தேன் கொடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். சோர்ந்துபோன, பால் குடிக்காத சிறு பிள்ளையைப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது இரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்ற ஐயம்தான். அதற்கு வழக்கமாகப் போடும் ஊசிகளில் ஜென்டாமைசின் ஒன்று. தேனால் வரும் இந்த நோயிலோ அந்த மருந்து தசைத் தளர்ச்சியை மேலும் கூட்டிவிடக்கூடும். நீங்கள் சொல்லும் அந்த ஒரு செய்தி மருந்துத் தேர்வையே மாற்றக்கூடியது.

இனி, காரணத்துக்கு வருவோம். ஆயாவுக்கு எடுத்துச் சொல்ல அது உதவும்.

கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் வாழ்வது. சூழல் ஒத்துவராதபோது அது தன்னைச் சுற்றித் தடித்த உறை கட்டிக்கொண்டு ஸ்போர் என்னும் வித்தாக ஒடுங்கிவிடும். வறண்ட கண்மாய்க்குள் புல்வித்து மழைக்குக் காத்துக் கிடப்பதைப் போல, ஈரமும் பதமும் கிடைக்கும் வரை அது பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். மண்ணிலிருந்தும் தூசியிலிருந்தும் அந்த வித்து தேனுக்குள் வந்துசேர்கிறது. தேனில் நீர்ச்சத்து குறைவு, புளிப்புத்தன்மை உண்டு. அதனால் அங்கே வித்து முளைப்பதில்லை, ஆனால் சாவதுமில்லை. உங்களுக்கும் எனக்கும் அது வயிற்றுக்குள் போனாலும் நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிரிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. வந்த வழியே வெளியேறிவிடும். மூன்றரை மாதப் பிள்ளையின் பெருங்குடலில் அந்தக் காவல் இன்னும் முழுமையாக அமையவில்லை. வித்து அங்கே முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. தசைக்கு நரம்பு கொடுக்கும் ஆணையைச் சுமந்து செல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவராமல் அந்த நஞ்சு தடுத்துவிடுவதால்தான் தசை தளர்கிறது. முகச் சுருக்கம் நீக்கப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் போட்டாக்ஸ் ஊசியில் மிக மிகச் சிறிய அளவில் இருப்பதும் இதே நஞ்சுதான்.

இப்போது உங்கள் மலைத்தேனைப் பற்றி. பாரியின் பறம்பு என்று நம் பக்கத்தார் பெருமையாகச் சொல்லும் பிரான்மலைத் தேனின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தேன் சுத்தமா கலப்படமா என்பது ஒரு கேள்வி. அதில் இந்த வித்து இருக்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, திரியில் நனைத்துக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது போன்ற சோதனைகளால் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத வித்தைப் பற்றி அவை ஒன்றுமே சொல்லாது. கடையில் முத்திரையோடு விற்கும் தேனுக்கும் இதே விதிதான். நீங்கள் முதலில் சுவைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பதிலும் பயனில்லை, ஏனென்றால் நஞ்சு தேன் குப்பியில் இல்லை. பிள்ளையின் குடலுக்குள் போன பிறகுதான் உண்டாகிறது.

காய்ச்சுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நஞ்சு சூட்டுக்கு அழியும், வித்து அழியாது. கொதிக்கும் நீரின் சூடான 100 டிகிரியை அது மணிக்கணக்கில் தாங்கும். அழுத்தத்தோடு 121 டிகிரி வரை ஏற்றினால்தான் ஒழியும். அப்படி ஏற்றினால் தேன் கருகிக் கசந்துபோகும். ஆகவே வெந்நீரில் கலந்தது, அடுப்பில் சூடாக்கியது, பணியாரத்திலோ பிஸ்கட்டிலோ சேர்த்து வேகவைத்தது எல்லாம் ஒரு வயது வரை ஒன்றுதான். நாக்கில் ஒரு தொடு தானே என்பதும் ஆறுதல் ஆகாது; நோய் உண்டாக்கச் சில பத்து வித்துகளே போதும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு குழந்தைகள் இந்த நோயோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அந்த நால்வருமே தேன் அடைத்த சூப்பானைச் சப்பியவர்கள் என்று தெரியவந்து, அந்நாட்டு அரசு பொதுமக்களை எச்சரித்தது. நம் ஊரிலும் அழும் பிள்ளைக்குச் சூப்பானைத் தேனில் முக்கிக் கொடுக்கும் வழக்கம் மெல்ல வந்துவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

ஆயா சொல்வதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உங்கள் ஆத்தாளையும் உங்களையும் அவர்கள் தேன் கொடுத்து வளர்த்தது உண்மை, இருவரும் நலமாக இருப்பதும் உண்மை. எல்லாத் தேனிலும் வித்து இருப்பதில்லை, வித்து போன எல்லாப் பிள்ளைக்கும் நோய் வருவதுமில்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: இந்த நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தேன் உண்டவர்களே அல்லர், மண் தூசியிலிருந்து வித்தை விழுங்கியவர்கள். காற்றில் வரும் தூசியை எந்தத் தாயாலும் தடுக்க முடியாது, தேனைத் தடுக்க முடியும் என்பதுதான் வேறுபாடு. மேலும், ஆயா பிள்ளை வளர்த்த காலத்தில் இப்படி ஒரு நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது. 1976-இல்தான் கலிஃபோர்னியாவில் இது முதன்முதலாகக் கைக்குழந்தைகளிடம் அடையாளம் காணப்பட்டது. தேனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1979-இல் வெளியானது. அதற்கு முன் இப்படிச் சோர்ந்து மறைந்த பிள்ளைகளுக்கு மாந்தம் என்றோ தோஷம் என்றோ பெயர் வைத்திருப்பார்கள். இன்றும் நம் நாட்டில் மலத்தில் இந்த நஞ்சைக் கண்டறியும் சோதனை எளிதில் கிடைப்பதில்லை என்பதால், இங்கே அரிதாகவே பதிவாகிறது என்பதை வைத்து இங்கே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

நோய் வந்தாலும் மீளலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து, தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசமும் குழாய் வழி உணவும் கிடைத்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். நரம்பு முனைகள் புதிதாக வளர்ந்து தசை வலுப்பெறப் பல வாரங்கள் ஆகும். இதற்கென்றே அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற, அந்த நஞ்சை முறிக்கும் எதிர்ப்புரத மருந்து ஒன்று உண்டு. ஆனால் அது கலிஃபோர்னியாவிலிருந்து வரவழைக்க வேண்டிய, விலை மிகுந்த மருந்து. நாக்கில் தடவிய ஒரு துளியால் அந்த நிலைக்குப் போக வேண்டுமா என்பதுதான் கேள்வி. மூன்றரை மாதப் பிள்ளைக்குத் தேனால் கிடைக்கும் நன்மை என்று ஒன்று இருந்தாலாவது சீர்தூக்கிப் பார்க்கலாம். அப்படி எதுவும் இல்லை.

சேனை வைப்பதன் பொருள் எனக்குத் தெரியும். வீட்டில் மூத்தவர், நல்ல குணமும் கைராசியும் உள்ளவர் முதல் துளியை ஊட்டினால் அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கை அது. உரிமையும் பாசமும் கலந்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும் என்று மருத்துவமனையில் வற்புறுத்துகிறோம். அந்தச் சீம்பாலில் சில துளிகளைப் பீய்ச்சி, சுத்தமான பாலாடையில் எடுத்து, அந்த மூத்தவர் கையாலேயே ஊட்டச் சொன்னால் உரிமையும் நிலைக்கும், பிள்ளைக்கும் நல்லது. உங்கள் பங்காளி வீடுகளில் அடுத்த பிரசவத்துக்கு இதைச் சொல்லிவையுங்கள். இப்போதைக்கு, பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) கூடியிருக்கும்போது அவனை யார் மடியில் விட்டாலும் ஒரு கண் வைத்திருங்கள். அன்போடு சர்க்கரையோ தேனோ தொட்டு வைப்பவர்கள் உங்களிடம் கேட்டுவிட்டு வைப்பதில்லை.

உரைமருந்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை என்றாலும் விடுவதற்கில்லை. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு என்று உரைத்துக் கொடுப்பதில் தேனை நீக்கித் தாய்ப்பாலில் குழைத்தால் சரியா என்று ஆயா நிச்சயம் கேட்பார்கள். தேன் அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர் உட்பட, வேண்டாம் என்பதே என் கருத்து. வசம்பும் சுக்கும் மண்ணுக்கடியில் விளைபவை. உரைகல்லின் குழிகளில் முந்தைய நாள் ஈரமும் அழுக்கும் தங்குகின்றன. எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு மருந்து போகிறது என்பதற்கும் கணக்கில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குவதானால், பிள்ளையின் வயதைச் சொல்லித் தேன் அல்லாத துணைப்பொருளில் தரும்படி கேளுங்கள். சித்த மருத்துவத்தில் தேன் பல மருந்துகளுக்கு அனுபானம் (மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் துணைப்பொருள்) என்பதால் கேட்காவிட்டால் தேனையே சொல்லிவிட வாய்ப்புண்டு.

சளிக்கும் இருமலுக்கும் என்ன செய்வது? தாய்ப்பாலை இன்னும் அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறினால், மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் ஓரிரு துளி விட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பால் கொடுங்கள். இருமல் சிரப் எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் அவை வேண்டாம் என்று மத்திய அரசே அறிவுறுத்தியிருக்கிறது. பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ சாதாரணச் சளி இல்லை. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நீங்கள் தேன் சாப்பிடலாம். அந்த வித்தோ நஞ்சோ தாய்ப்பாலில் கலந்து வருவதில்லை. பிள்ளை பெற்றவளுக்கென்று வீட்டில் கிளறிய லேகியத்தில் தேன் இருந்தாலும் தடையில்லை. சாப்பிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள், அந்தக் கரண்டியை அவன் வாய்க்குக் கொண்டுபோகாதீர்கள். மார்க்காம்பில் வெடிப்பு இருந்தால் சிலர் தேன் தடவச் சொல்வார்கள்; அது கூடாது. உங்கள் பாலிலேயே இரண்டு துளியைத் தடவி உலரவிட்டால் போதும்.

எந்த வயதில் என்றால், முதல் பிறந்தநாள் முடிந்த பிறகு. அதற்குள் குடலின் காவல் அமைந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் கூழும் பருப்புச் சாதமும் தொடங்கும்போது இனிப்புக்காகத் தேன் சேர்க்க வேண்டாம். சர்க்கரையும் இரண்டு வயது வரை தேவையில்லை, மசித்த வாழைப்பழத்தின் இனிப்பே போதும். ஒரு வயதுக்கு மேல் இரவில் இருமித் தூக்கம் கெட்டால், படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுப்பது இருமலைச் சற்றுத் தணிக்கும் என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. அன்றைக்கு ஆயாவின் பிரான்மலைத் தேனை நானே சிபாரிசு செய்வேன். கொடுத்த பிறகு பல்லைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள். இருமலோடு இளைப்போ காய்ச்சலோ இருந்தால் மட்டும் தேனை நம்பிக் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.